மூக்கறுபட்ட பனித் துப்பாக்கிகள்

அத்தியாயம் 3

"இதுக்குத்தான் உன்னை வேலைக்கு வெச்சேனா?"

நெரிடா ஹோல்கேட் தன் காரின் முன்கண்ணாடியைக் காட்டினாள். ராத்திரி விழுந்த உறைபனியில் இரண்டு வைப்பர்களும் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன. இழுத்தால் ரப்பர் கையோடு வந்துவிடும்.

டாமதி ரூவா காபிக்கடை சலுகை அட்டையால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"துப்பறியத்தான் வெச்சீங்க பாஸ். சுரண்டறதுக்குத் தனிச் சம்பளம்."

"இந்த ஜிண்டபைன் ஊர்ல பச்சக் குழந்தைகூட சாயங்காலம் வைப்பரைத் தூக்கி நிறுத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள போகும். நீ வந்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. இன்னும் படுக்கப் போட்டுட்டுப் போற."

"கை வர மாட்டேங்குது பாஸ். எங்க ஊர்ல யாரும் தூக்க மாட்டோம்."

"ஏன், உங்க ஊர்ல வைப்பருக்கு மரியாதை கொடுக்கற பழக்கம் இல்லையா?"

டாமதி பதில் சொல்ல வாயைத் திறந்தான். போன் முந்திக்கொண்டது. யரின்டா பனிச்சறுக்கு மலையில் மெஷின் வைத்துப் பனி உண்டாக்கும் ஷோனா பிக்கெட் பேசினாள். அழாத குறை.

"நெரிடா, உடனே வர முடியுமா? என் துப்பாக்கிங்களோட மூக்கையெல்லாம் எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்."

நெரிடா பக்கத்து டவுனான கூமாவில் போலீஸ் வேலையில் காலம் தள்ளி, ஓய்வு பெற்ற மறுநாளே அலுத்துப்போய், பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். டாமதி நியூசிலாந்துக்காரன். பனிச்சறுக்க வந்து கணுக்காலை உடைத்துக்கொண்டு, கட்டுப் பிரித்த பிறகும் ஊர் திரும்பாமல் அவளிடமே ஒட்டிக்கொண்டவன். இவர்கள் பேசுவதைக் கேட்டால் சண்டை என்றுதான் தோன்றும். பேசாமல் இருந்தால்தான் சண்டை.

மலையேறும் வழியில் இரண்டு பக்கமும் பழுப்புப் புல். இங்கே நடுக் குளிர்காலமான ஜூலை பிறந்தும் வானம் கையை விரித்துவிட்டது. ஆனால் யரின்டாவில் ஒரே ஒரு சரிவு மட்டும் வெள்ளை வேட்டியை உலர்த்தியது போலக் கிடந்தது. அடிவாரத்துப் பலகையில் கொட்டை எழுத்து: 'யரின்டா - வானம் தந்த பனி.'

"இந்த வானம் ரொம்ப ஓரவஞ்சனை பாஸ்," என்றான் டாமதி. "பக்கத்து மேட்டுக்கு ஒரு பொட்டுகூடக் கொடுக்கல."

ஷோனா பம்ப் கொட்டகை வாசலில் நின்றாள். நாற்பது வயது. தண்ணீரிலும் குளிரிலும் வெடித்த கைகள். பனி யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால், பச்சைத் தார்ப்பாய்களை விலக்கிக் காட்டினாள். அவள் சொன்ன துப்பாக்கிகள் இவைதான், ஆளுயர விசிறிகள். ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் பித்தளை மூக்குகள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். அந்த மூக்கு வழியாகத்தான் தண்ணீர் பொடிப்பொடியாகச் சீற வேண்டும். விசிறி அதைக் குளிர்காற்றில் ஊத, தரைக்கு வருவதற்குள் பனியாக வேண்டும்.

"இப்ப வெறும் ஃபேனு," என்றாள் ஷோனா. "காத்து வாங்கலாம்."

"எதுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு?" நெரிடா கேட்டாள்.

"முதலாளி க்ளெம்மோட உத்தரவு. பகல்ல துப்பாக்கி யார் கண்ணுலயும் படக்கூடாது. போர்டுல வானம்னு எழுதியிருக்கில்ல? விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயைச் சுருட்டி மறைக்கிற மாதிரி என் வேலையை மறைச்சு வைப்பார். போன மாசம் தங்கச்சி பொண்ணு கல்யாணம்னு டப்போ டவுனுக்குப் போனார். அந்த ஒரு வாரம்தான் நான் தார்ப்பாயை எடுத்துட்டு நிம்மதியா வேலை செஞ்சேன்."

"நீங்க நிஜமாவே பனி செய்யறீங்களா, இல்ல வானத்துக்கு வேலைக்காரியா?" என்றான் டாமதி.

"நீ பேசாத. உங்க ஊர்ல பனி செய்யறது ஒரு வேலையா? காத்து காஞ்சு கிடக்கும். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல இருந்தாலே மூக்கைத் திறந்தா கொட்டும். இங்க காத்துல ஈரம். அதே குளிர்ல நான் திறந்தா தூறல்தான் விழும். ஆஸ்திரியாவைக் கேக்கவே வேணாம். பள்ளத்தாக்குக்கே ஒரு பட்டன். அமுக்கிட்டுத் தூங்கப் போயிடுவாங்க. நான் ஒவ்வொரு துப்பாக்கியா நடந்துபோய், இப்படி..."

அவள் தன் கருப்புச் சட்டையின் கையை நீட்டிக் காட்டினாள்.

"இப்படிப் பிடிச்சுப் பார்ப்பேன். துணியில விழுந்து துள்ளினா நல்ல பனி. ஒட்டிக்கிட்டா தண்ணி ஜாஸ்தி. ராத்திரி பூரா இதேதான்."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். ஆஸ்திரியாவின் இளம் பந்தயக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வால்ட்ராவுட் எக்கர் இன்று மாலை வருகிறாள். அங்கே கோடை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் எங்காவது வந்தாக வேண்டும். போன வாரம் நியூசிலாந்தின் பெல்டன் மலையைப் பார்த்துவிட்டாள். இன்று யரின்டா. இரண்டில் ஒன்றை இன்றைக்கே முடிவு செய்வாள்.

"அவ வேணாம்னு போயிட்டா அடுத்த குளிர்காலம் ஆளுங்களை மேல ஏத்தற இந்த லிஃப்ட் சுத்தாது. க்ளெம்மே வாய்விட்டுச் சொல்லிட்டார். மலையையே வித்துடுவாராம். மூக்கைக் கழட்டற ஸ்பேனர் கொட்டகைக்குள்ளதான் இருக்கு. கொட்டகைச் சாவி என்கிட்டயும் அவர்கிட்டயும் மட்டும்தான் இருக்கு. நான்தான் பூட்டாம போயிட்டேன்னு சொல்றார். நான் பூட்டினேன் நெரிடா. சத்தியமா பூட்டினேன்."

"குளிர் எப்ப இறங்கும்?"

"நாலு மணிக்குத் தெற்குக் காத்து திரும்பும். மூக்கு இருந்தா அப்பவே ஆரம்பிச்சிருப்பேன். க்ளெம் தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

க்ளெம் வார்டில் அலுவலகத்தில் ஹீட்டர் பக்கம் வெறும் சாக்ஸோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடாக இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் இரண்டும் ஹீட்டருக்கு முன்னால் காய்ந்தன. யரின்டாவின் முதலாளி, மேனேஜர், டிக்கெட் கிழிப்பவர் எல்லாம் அவரே. நெரிடாவைப் பார்த்ததும் முகம் புளித்தது. டாமதியைப் பார்த்ததும் இன்னும் புளித்தது.

"டிடெக்டிவ் எதுக்கு? யாரு செஞ்சதுன்னு காலையிலேயே ரேடியோவுல சொல்லிட்டேனே. பெல்டன்காரனுங்க! நேத்து சாயங்காலம் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்துச்சு. பின்னாடி பெல்டன் ஸ்டிக்கர். ஓட்டினவன் பேச்சு அசல் நியூசிலாந்துக் கிவி."

"எப்படிப் பேசினான்?" என்றான் டாமதி.

"மூக்குல பஞ்சு வெச்ச மாதிரி. உன்னை மாதிரியே."

"அப்போ அழகா பேசியிருக்கான்."

"உங்க ஆளுங்களுக்கு இது புதுசா? எங்க பவ்லோவா கேக்கையே உங்களோடதுன்னு சொல்றவங்கதானே!"

"அது எங்களோடதுதான். நீங்க திருடினது கேக்கு. மூக்கைத் திருடற அளவுக்கு நாங்க இன்னும் முன்னேறல."

"நீங்க பெல்டனுக்குப் போயிருக்கீங்களா க்ளெம்?" நெரிடா குறுக்கே புகுந்தாள்.

"அந்த மண்ணை மிதிச்சதே இல்ல. மிதிக்கவும் மாட்டேன்."

டாமதியின் பார்வை பூட்ஸ் மேல் விழுந்தது. இடது பூட்ஸின் ரப்பர் முனையில் ஒரு துண்டு காணோம். கத்தரித்தது போல, முக்கோணமாக.

"பூட்ஸுக்கு என்ன ஆச்சு?"

"வளை தோண்டற வோம்பட் ஒண்ணு கடிச்சிடுச்சு," என்றார் க்ளெம், பேஸ்ட்ரியைப் பார்த்துக்கொண்டே.

"பாவம். புல்லு தின்னு தின்னு அதுக்கும் சலிச்சுப்போச்சு போல," என்றான் டாமதி. சிரித்துவிட்டு வெளியே வந்தாலும், அந்த முக்கோணத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம் அவனை அரித்தது.

கார் நிறுத்துமிடத்தின் கோடியில், வெயில் எட்டாத நிழலில் வெள்ளைக் கார் நின்றது. அதன் மேல் பூரா உறைபனி. அடியில் தரை மட்டும் காய்ந்திருந்தது. பின் கண்ணாடியில் பெல்டன் ஸ்டிக்கர். உள்ளே, எல்லாருக்கும் தெரியும்படி டாஷ்போர்டில் பெல்டன் தொப்பி. அதில் இந்த வருஷத்து எண் தைத்திருந்தது. கதவு, டிக்கி எல்லாம் பூட்டியிருந்தன.

அது வாடகைக் கார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கடை எண்ணுக்கு நெரிடா போன் போட்டாள். காரை வாடகைக்கு எடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டோம், வேண்டுமானால் போலீஸோடு வாருங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

டாமதி ஸ்டிக்கரை மறுபடி பார்த்தான். கேலி பேசுவது வேறு. தன் ஊர்க்காரன் நிஜமாகவே ராத்திரியில் வந்து, ஷோனாவின் வயிற்றில் அடித்துவிட்டுப் போயிருந்தால்? அதை நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"பாஸ், ஒருவேளை எங்க ஆளுங்கதானோ?"

"கார் எப்பலேருந்து நிக்குது?"

"உறைபனி விழறதுக்கு முன்னாடியிலேருந்து. அடியில காஞ்சிருக்கே."

"அப்போ திருடினவன் எதுல போனான்? மூட்டை நிறையப் பித்தளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நியூசிலாந்துக்கு நடந்தா?"

"நடுவுல கடல் இருக்கு பாஸ்."

"தெரியும். ஆள் எங்கயும் போகல." நெரிடா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்னால் நின்றாள். சட்டென்று அவள் முகத்தில் ஒரு குறும்பு. "டாமதி, காலையில கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. உங்க ஊர்ல ஏன் வைப்பரைத் தூக்க மாட்டீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சொல்லுடா."

"கியா இருக்குல்ல, மலைக்கிளி. அதுக்கு ரப்பர்னா உசுரு. பெல்டன்ல காரை நிறுத்தி வைப்பரைத் தூக்கி வெச்சா, கிளிக்கு இலை போட்டுக் கூப்பிட்ட மாதிரி. திரும்பி வரும்போது கம்பி மட்டும்தான் இருக்கும். வைப்பரைப் படுக்கப் போட்டு மேல துணி மூடிட்டுத்தான் போவோம். வாசல்ல பூட்ஸைக்கூடக் கழட்டி..."

டாமதி நிறுத்தினான். எதிரே வெள்ளைக் காரின் வைப்பர்கள் இரண்டும், சரணடைந்தவன் கைகளைப் போல, வானத்தைப் பார்த்துத் தூக்கி நின்றன.

"பூட்ஸைக்கூட?" என்றாள் நெரிடா.

"வாசல்ல விட மாட்டோம் பாஸ்," என்றான் அவன் மெதுவாக. "விட்டா முக்கோணமா கடிச்சு எடுத்துடும்."

இருவரும் திரும்பி அலுவலக ஜன்னலைப் பார்த்தார்கள். திரை சட்டென்று மூடியது.

அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு கார் திரும்பியது. வால்ட்ராவுட் எக்கர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். உயரமான பெண்மணி. காரிலிருந்து இறங்கியவள் யாரிடமும் கை குலுக்கவில்லை. நேரே சரிவுக்குப் போய்க் குதிகாலால் பனியை உதைத்துப் பார்த்தாள். மறுபடி உதைத்தாள். க்ளெம் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஷோனாவும் கொட்டகையிலிருந்து வந்தாள்.

"வாங்க, வாங்க. பாருங்க, அத்தனையும் வானத்துப் பனி!" என்றார் க்ளெம்.

"அப்படியா?" அவள் முகம் விழுந்தது. "துப்பாக்கி இல்லையா?"

"எங்களுக்கு எதுக்கு..."

"எனக்கு வேணும். பெல்டன்ல போன வாரம் இடுப்பளவு புதுப் பனி கொட்டிச்சு. சுத்திப் பார்க்க வந்தவங்க கூத்தாடினாங்க. என் பிள்ளைங்க அதுல என்ன செய்யறது? கொடி நட்டுப் பந்தயம் விட்டா, மூணாவது ஆள் வரும்போதே குழி விழுந்துடும். எனக்குக் கல்லு மாதிரி பனி வேணும். அது துப்பாக்கிப் பனிதான். எங்க ஊர்ல எல்லாம் அதுலதான் ஓடறோம். பெல்டன்லயும் நல்ல துப்பாக்கிங்க இருக்கு. ஆனா வானம் சும்மா இருக்க மாட்டேங்குதே! இங்க வானம் தொல்லை பண்ணாதுன்னுதான் வந்தேன்."

டாமதிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. க்ளெம்மின் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது. மனிதர் அப்படி வெளிறிப்போயிருந்தார்.

"துப்பாக்கி... இருக்கு," என்றார் க்ளெம். "அதோட மூக்கை... பெல்டன்காரனுங்க திருடிட்டாங்க."

"பெல்டன்காரங்க என் பெட்டியை வண்டி வரைக்கும் தூக்கிட்டு வந்தாங்க," என்றாள் வால்ட்ராவுட். "நான் ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு துப்பாக்கியாவது ஓடணும். இல்லேன்னா பெல்டனுக்கே சரின்னு சொல்லிடறேன்."

அவள் உணவறைக்குள் போனாள்.

"க்ளெம், அந்த வெள்ளைக் கார் வரைக்கும் வாங்க," என்றாள் நெரிடா. "ஷோனா, நீயும் வா."

நான்கு பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். தெற்குக் காற்று சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே திரும்பிவிட்டிருந்தது.

"இந்தக் காரை ஓட்டி வந்தவரு ஸ்டிக்கர் ஒட்டினாரு, தொப்பி வெச்சாரு. எல்லாம் ஜோர்," என்றாள் நெரிடா. "ஆனா காரை நிறுத்தினதும் பழக்க தோஷம். கை தானா வைப்பரைத் தூக்கி நிறுத்திடுச்சு. பெல்டன்காரன் செத்தாலும் அதைச் செய்ய மாட்டான். எங்க மலைக்காரன்தான் செய்வான்."

"இங்க எல்லாரும்தான் தூக்குவோம்," என்றார் க்ளெம்.

"எல்லாரும்தான். ஆனா எல்லாரும் இந்தக் குளிர்காலத்துல பெல்டனுக்குப் போய் இந்த வருஷத் தொப்பி வாங்கல. எல்லார் பூட்ஸையும் நியூசிலாந்துக் கிளி கடிக்கல."

"வோம்பட்டுக்கு அலகு கிடையாது க்ளெம்," என்றான் டாமதி. "அது பல்லால கடிக்கும்."

ஷோனா பூட்ஸைப் பார்த்தாள். பிறகு க்ளெம்மின் முகத்தைப் பார்த்தாள்.

"டப்போ கல்யாணம்?" என்றாள்.

க்ளெம் காரின் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கடைசியில் யாரிடமோ பேசுவது போல ஆரம்பித்தார்.

"வேவு பார்க்கத்தான் போனேன். பஸ்ஸுல மேல ஏறினா வானம் கொட்டுது. மரம், கூரை, மனுஷன் தலை, எல்லாத்து மேலயும் பனி. பார்த்துட்டு என்கிட்ட என்ன இருக்குன்னு யோசிச்சேன். எட்டு விசிறி. அந்தப் பொம்பள மலையேறி வரும்போது அது உறுமிக்கிட்டு நின்னா, இது பொய் மலைன்னு சிரிப்பாளேன்னு நினைச்சேன். ஷோனா சொன்னா கேக்க மாட்டா, குளிர் இறங்கினதும் திறந்துடுவா. ஒரு நாள் மட்டும் மூக்கு இல்லாம இருந்தா... சந்தேகம் பெல்டன் பக்கம் போகட்டும்னுதான் இந்தக் காரை வாடகைக்கு எடுத்தேன். அவ போனதும் மாட்டிடலாம்னு..."

"என் பனி உங்களுக்கு அவ்வளவு கேவலமா க்ளெம்?" ஷோனா அவர் முன்னால் வந்து நின்றாள். "பதினோரு வருஷமா ராத்திரி முழிச்சுச் செஞ்சேனே! பூட்டாம போனேன்னு பழியையும் என் மேலயே போட்டீங்களே!"

க்ளெம்மின் கை கோட்டுப் பைக்குள் போயிற்று. காரின் சாவி வெளியே வந்தது.

டிக்கியில் சாக்கு மூட்டை. உள்ளே பித்தளை மூக்குகள், ஒன்றோடொன்று உரசிக் கீறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் பழைய சாக்ஸில் தனித்தனியாகச் சுற்றியிருந்தார்.

"திருடன்னா இப்படி இருக்கணும்," என்றான் டாமதி. "பாஸ், இவரைப் போலீஸ்ல கொடுக்கலாமா?"

"சொந்த வீட்ல திருடினவனை எந்த ஸ்டேஷன்லயும் சேத்துக்க மாட்டாங்க. ரேடியோவுல பெல்டன்காரங்களைத் திட்டினாருல்ல? அதே ரேடியோவுல நாளைக்கு மன்னிப்புக் கேப்பாரு. என்ன க்ளெம்?"

க்ளெம் தலையாட்டினார். ஷோனா அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். டாமதி பின்னாலேயே ஓடினான். ஒரு நிமிஷம் தயங்கி நின்ற க்ளெம், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரும் ஓடினார்.

மூன்று பேர் கையும் விறைக்க மூக்கு மாட்டினார்கள். வால்ட்ராவுட் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தபோது முதல் துப்பாக்கி இருமியது. தண்ணீர் துப்பியது. பிறகு உறுமியது. மரங்களுக்கு மேலே வெள்ளைப் புகை போல எழுந்து, காற்றில் வளைந்து, சரிவில் இறங்கத் தொடங்கியது.

வால்ட்ராவுட் நேராக அதன் அடியில் போய் நின்று கருப்புக் கோட்டின் கையை நீட்டினாள். எதிர்ப் பக்கத்தில் ஷோனாவும் அதே நேரம் தன் கையை நீட்டினாள். இரண்டு கைகளிலும் பொடிப்பொடியாக விழுந்த பனி துள்ளித் துள்ளி ஓடியது. ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்ட்ராவுட் முதன்முறையாகச் சிரித்தாள்.

"இந்த ஈரக் காத்துலயா இப்படி வருது?" என்றவள் க்ளெம்மிடம் திரும்பினாள். "யாரோட பனி இது?"

க்ளெம் அடிவாரத்துப் பலகையைப் பார்த்தார். எழுத்துகள் அங்கிருந்தும் தெளிவாகத் தெரிந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஷோனாவோடது," என்றார்.

ஷோனா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கோளாறும் இல்லாத குழாயைத் திருகினாள்.

"அப்போ என் பிள்ளைங்க இங்கதான் வருவாங்க. அந்தப் போர்டை மட்டும் மாத்திடுங்க," என்றாள் வால்ட்ராவுட்.

எட்டுத் துப்பாக்கிகளும் ஓடத் தொடங்கியபின் நெரிடாவும் டாமதியும் தங்கள் காருக்கு வந்தார்கள். பொழுது சாய்ந்து கண்ணாடியில் மறுபடி பனி பூத்திருந்தது. வைப்பர்கள் இரண்டும் தூக்கி நின்றன.

"பரவாயில்லயே, கடைசியில கத்துக்கிட்ட," என்றாள் நெரிடா.

"நான் தூக்கல பாஸ்."

ஒரு வைப்பரின் நுனியில் பெல்டன் தொப்பி தொங்கியது. டாமதி அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் க்ளெம் ஏதோ பலகை மேல் குனிந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே இந்தப் பக்கம் பார்க்கவில்லை. டாமதி தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். அது காது வரைக்கும் இறங்கியது.

"ரொம்பப் பெருசா இருக்கு பாஸ்."

"அவரு தலைக்கு வாங்கினதாச்சே," என்றாள் நெரிடா. "இன்னிக்குச் சாயங்காலத்தோட தலைக்கனம் இறங்கிடுச்சில்ல, இனிமே அவருக்கும் பெருசாத்தான் இருக்கும்."